இரண்டாம் வயலின் மட்டும்

சேம்பர் மியூசிக் என்று ஐரோப்பியர் சொல்வதைத் தமிழில் அறை இசை என்று சொல்லிப் பார்க்கலாம். மேடைக்காகவோ தேவாலயத்துக்காகவோ எழுதப்படாத இசை அது. வீட்டுக் கூடத்தில் மூன்று நான்கு பேர் முகம் பார்க்க உட்கார்ந்து, பெரும்பாலும் தங்களுக்காகவே வாசித்துக்கொள்வது. பதினெட்டாம் நூற்றாண்டில் இந்த இசை அச்சாகி விலைக்கு வந்தபோது ஒரே புத்தகமாக வரவில்லை. ஸ்ட்ரிங் குவார்டெட் என்றால் நான்கு மெல்லிய புத்தகங்கள்: முதல் வயலினுக்கு ஒன்று, இரண்டாம் வயலினுக்கு ஒன்று, வியோலாவுக்கு ஒன்று, செல்லோவுக்கு ஒன்று. ஒவ்வொருவர் கையிலும் அவரவர் வாசிக்க வேண்டிய வரி மட்டும் இருக்கும். நால்வர் பகுதியையும் ஒன்றன்கீழ் ஒன்றாக அடுக்கிக் காட்டும் முழுப் பிரதியை அந்தக் காலத்தில் யாரும் அவ்வளவாக அச்சடிக்கவில்லை. நான்கும் சேர்ந்தால்தான் பாட்டு. ஒன்று தொலைந்தால் மற்ற மூன்றும் அநாதை.

என்னிடம் இருப்பது ஓர் அநாதை. இரண்டாம் வயலின் புத்தகம். புதுச்சேரி காந்தி வீதி ஞாயிற்றுக்கிழமைச் சந்தையில், பழைய பிரெஞ்சுப் பாடப் புத்தகங்களுக்கும் துருப்பிடித்த பூட்டுகளுக்கும் நடுவில் கிடந்தது. விற்றவர் புரட்டிப் பார்த்துவிட்டு, "பிரெஞ்சுப் பாட்டுப் புக்கும்மா. படம் ஒண்ணும் இல்ல, முன்னூறு குடு" என்றார். படம் இருந்திருந்தால் ஐந்நூறு சொல்லியிருப்பார். தலைப்புப் பக்கம் இல்லை. இசையமைப்பாளர் பெயர் இல்லை. பக்கத்தின் மேல்மூலையில் இத்தாலிய மொழியில் "இரண்டாம் வயலின்" என்று மட்டும் இருந்தது.

இந்த மாதிரிப் புத்தகம் யாருடையது என்று கண்டுபிடிக்க வழிகள் உண்டு. உலக நூலகங்களில் உள்ள பழைய இசைப் பிரதிகளைப் பட்டியலிட 1952இல் தொடங்கிய ரிஸ்ம் என்ற அமைப்பின் பட்டியல் இன்று இணையத்தில் இருக்கிறது. ஒரு பாட்டின் முதல் சில சுரங்களைத் தட்டினால் அது எந்தப் பாட்டு என்று தேடித் தரும். ஆனால் இத்தகைய பட்டியல்களில் பெரும்பாலும் பதிவாகியிருப்பது முதல் வயலினின் தொடக்கம்தான். மெட்டு அங்கேதானே இருக்கிறது. இரண்டாம் வயலின் முதல் நான்கு அளவுக்கும் ஒரே சுரத்தை டுக்கு டுக்கு என்று வாசித்துக்கொண்டிருக்கும். அதைத் தட்டினால் எந்த இயந்திரத்துக்கும் அடையாளம் தெரியாது. வெளிநாட்டு நூலகங்கள் ஏற்றியிருக்கும் படங்களோடு இரவு இரவாகப் பக்கம் பக்கமாக ஒப்பிட்டுத்தான் அது இக்னாஸ் பிளெயல் எழுதிய குவார்டெட்டுகள் என்று தெரிந்துகொண்டேன். பிளெயல் ஹைடனின் மாணவர். 1757இல் பிறந்தவர். தன் காலத்தில் குருவைவிட அதிகம் விற்றவர் என்றுகூடச் சொல்லலாம். பின்னால் பாரீஸில் அவரே இசைப் பதிப்பகமும் தொடங்கினார்.

சேகரிப்பாளர் உலகில் முழு செட்டுக்குத்தான் மதிப்பு. நான்கில் ஒன்று, அதுவும் இரண்டாம் வயலின், கிட்டத்தட்டக் குப்பை. எனக்கு அது கைக்கு வந்ததே அதனால்தான். நான் வயலின் சொல்லிக்கொடுத்துப் பிழைப்பவள். கன்னியாஸ்திரி ஒருவர் தேவாலயப் பாட்டுக் குழுவுக்கு ஆள் வேண்டும் என்று ஒரு மீனவர் வீட்டுப் பெண்ணுக்குப் பள்ளியில் இலவசமாகக் கற்றுக்கொடுத்த வயலின் அது. குழுவில் எனக்கு எப்போதும் இரண்டாம் வரிசைதான். ஆகவே அந்த டுக்கு டுக்கை நான் குறைத்துப் பேச மாட்டேன். அது நின்றால் முதல் வயலின் அந்தரத்தில் தொங்குவதைப் பலமுறை கேட்டிருக்கிறேன்.

பதிப்பைப் படிக்கக் கற்றுக்கொண்டதும் இந்தப் புத்தகத்தை வைத்துத்தான். அன்றைய இசைப் புத்தகங்கள் எழுத்துக் கோத்து அச்சிட்டவை குறைவு. செம்பு அல்லது ஈயம் கலந்த வெள்ளீயத் தகட்டில் சுரங்களை இடவலம் மாற்றிக் கண்ணாடி பிம்பமாகச் செதுக்குவார்கள். சுரத்தின் தலைக்கு ஓர் உளி, குறிகளுக்கு வேறு உளிகள், ஐந்து கோடு இழுக்க ஐந்து பல் கொண்ட கருவி. செதுக்கிய பள்ளத்தில் மை தடவி, மேற்பரப்பைத் துடைத்து, ஈரத்தாளை வைத்து உருளையில் அழுத்த வேண்டும். அழுத்தியதில் தாளில் தகட்டின் விளிம்பு ஒரு மெல்லிய சட்டம்போலப் பதிந்திருக்கும். விரல் நுனியால் தடவினால் தெரியும். ஆண்டு பெரும்பாலும் போட மாட்டார்கள், பழைய சரக்கு என்று வாங்குபவர் நினைத்துவிடுவார் என்று. கடையின் முகவரியை வைத்தோ, தகட்டு எண்ணை வைத்தோ, அந்தக் கடை வெளியிட்ட விலைப்பட்டியலை வைத்தோதான் காலத்தைக் கணிக்க வேண்டும். தகடு பத்திரமாக இருக்கும்வரை கேட்கக் கேட்க அச்சடிக்கலாம். நடுவில் பிழை திருத்தலாம், முகவரி மாற்றலாம், பெயரையும் மாற்றலாம்.

இதையெல்லாம் படிக்கப் போன இடத்தில்தான் அடிக்குறிப்பு அளவுச் சிறிய எழுத்தில் பெண்கள் பெயர்களைப் பார்த்தேன். 1764இல் பாரீஸில் அச்சான மொசார்ட்டின் முதல் ஓபஸ், ஹார்ப்சிகார்ட் சொனாட்டாக்கள். தலைப்புப் பக்கம் பையனுக்கு ஏழு வயது என்று பெரிதாகச் சொல்கிறது. அந்தத் தகடுகளைச் செதுக்கியவர் மதாம் வாந்தோம் என்பதையும் அதே பக்கம் சொல்கிறது, ஆனால் அதைப் படிக்கக் கண்ணை இடுக்க வேண்டும். வயலின் மேதை ழான் மரி லெக்லேரின் புத்தகங்களைச் செதுக்கியவர் அவருடைய மனைவி லூயீஸ் ரூசெல். பாரீஸின் பெரிய இசைக்கடை ஒன்றைக் கணவர் இறந்த 1733இலிருந்து இருபது ஆண்டுகள் நடத்தியவர் மதாம் பொய்வின். இசை அச்சுத் தொழிலில் ஊறிய பல்லார் குடும்பத்தின் பெண் அவர்.

இவர்கள் விதிவிலக்குகள் அல்ல. பட்டறையும் வீடும் ஒரே கூரையின்கீழ் இருந்த காலம். அப்பாவிடமோ கணவரிடமோ உளி பிடிக்கக் கற்ற பெண்கள் நிறைய இருந்தார்கள். விதவையானால் தொழிலைத் தொடர்ந்து நடத்த வழி இருந்தது. நம் தறிக்காரர் வீட்டில் பாவு ஓட்டுகிற, தார் சுற்றுகிற கைகளைப் பார்த்தவர்களுக்கு இது புரியும். ஒரு வித்தியாசம், புடவையின் முந்தானையில் தார் சுற்றியவள் பெயர் இருக்காது. அங்கே மூலையிலாவது போட்டார்கள்.

இசையை எழுதிய பெண்களின் கதை இன்னும் சுற்று வழியானது. வெனிஸ்காரியான அன்னா பான் 1756இல் நூரன்பர்கில் ஆறு புல்லாங்குழல் சொனாட்டாக்களை வெளியிட்டார். வயது பதினாறு என்பதை முகப்பிலேயே அச்சிட்டார்கள், மொசார்ட்டுக்குச் செய்ததைப் போல. பெண்ணோ குழந்தையோ எழுதினால் அது அதிசயமாக விற்கும் என்று கடைக்காரர்களுக்குத் தெரிந்திருக்கிறது. மத்தலேனா லொம்பார்தினி சிர்மென் 1745இல் வெனிஸில் பிறந்தவர். ஏழு வயதில் மெந்திகாந்தி என்ற ஆதரவு இல்லத்தின் இசைப் பள்ளியில் சேர்க்கப்பட்டார். பெண் பிள்ளைகளின் இசைக்குப் பெயர்போன இடம் அது. தார்த்தினி போன்ற ஆசானிடம் வயலின் கற்றார். இல்லத்தைவிட்டு வெளியே வந்து வித்வாம்சினியாக வாழ வேண்டுமானால் கல்யாணம்தான் வழி. 1767இல் லொதொவீகோ சிர்மென் என்ற வயலின்காரரைக் கட்டிக்கொண்டார். அடுத்த ஆண்டு பாரீஸில் வாசித்துப் புகழ் பெற்றார். 1769இல் ஆறு குவார்டெட்டுகள் அச்சாயின. வெளியிட்டவரும் ஒரு பெண், மதாம் பெரோ. ஆனால் முகப்பில் லொதொவீகோ, மத்தலேனா என்று இருவர் பெயரும் இருக்கின்றன, கணவர் பெயர் முன்னால். அவை மத்தலேனாவின் கைவண்ணம் என்றே இன்று ஆய்வாளர்கள் கருதுகிறார்கள். ஹைடன் தன் ஒன்பதாம் ஓபஸ் குவார்டெட்டுகளை எழுதிய அதே காலம். ஆங்கிலேயர் 1761இல் இடித்துத் தள்ளிய எங்கள் புதுச்சேரி மறுபடி சுவர் எழுப்பிக்கொண்டிருந்த காலமும் அதுதான்.

வயலின் பெண்ணுக்கு அழகில்லை என்று அன்றைய ஐரோப்பாவில் பரவலாகச் சொன்னார்கள். கழுத்தைச் சாய்க்க வேண்டும், கையை வீச வேண்டும். பெண்ணுக்கு ஹார்ப்சிகார்ட் போதும், பிறகு பியானோ போதும், முதுகு நிமிர்ந்து முழங்கை ஒடுக்கி உட்காரலாம் என்றார்கள். நல்ல வீட்டுப் பெண்களுக்கென்றே விசைப்பலகைச் சொனாட்டாக்கள் கட்டுக்கட்டாக அச்சாயின. வயலின் இருந்தால் சேர்ந்து வாசிக்கலாம் என்று ஒரு வரியும் போட்டிருக்கும். அந்த வயலின் அண்ணனுக்கோ வரப்போகும் மாப்பிள்ளைக்கோ. கணக்கைப் பார்த்தால் வேடிக்கைதான்: கடினமான பகுதி பெண்ணுக்கு, சும்மா கூட இழுப்பது ஆணுக்கு. அவள் வாசித்தது பொழுதுபோக்கு எனப்பட்டது. அவன் வாசித்ததும் பொழுதுபோக்குதான், ஆனால் அவனை யாரும் கல்யாணத்தோடு நிறுத்தச் சொல்லவில்லை.

இதே பத்தாண்டுகளில் தஞ்சாவூரில் என்ன நடந்தது என்று பார்க்காமல் என்னால் பாரீஸைப் படிக்க முடியவில்லை. பிரதாபசிம்மன் ஆண்ட 1739 முதல் 1763 வரையான காலத்தில் அவன் அவையில் இருந்தவர் முத்துப்பழனி. தேவதாசி மரபினர். தெலுங்கில் 'ராதிகா சாந்த்வனமு' என்ற சிருங்காரக் காவியத்தை எழுதியவர். அதன் தொடக்கத்தில் தன் தாய், பாட்டி என்று பெண் வழியாகவே தன் மரபைச் சொல்லிக்கொண்டவர். இது சுரம் போட்ட இசைப் புத்தகம் இல்லைதான். ஆனால் ஒரு பாடகி அதைப் பதிப்பித்த கதையில், பழைய பதிப்புகளை ஏன் தேட வேண்டும் என்ற கேள்விக்கு நான் அறிந்ததிலேயே தெளிவான பதில் இருக்கிறது.

1887இல் அந்தக் காவியம் அச்சில் வந்தது. பெங்களூர் நாகரத்தினம்மாள் அந்த அச்சுப் பிரதியைத் தேடி வாங்கிப் படித்தார். பிறகு ஒரு சுவடிப் பிரதியும் அவர் கைக்கு வந்தது. இரண்டையும் ஒப்பிட்டார். அச்சில் சில பாட்டுகள் இல்லை. அதைவிட, முத்துப்பழனி தன்னையும் தன் முன்னோரான பெண்களையும் பற்றிச் சொன்ன முன்பகுதியே இல்லை. சிருங்காரத்தை வெட்டினார்கள் என்றால் ஒழுக்கம் என்று ஒரு காரணம் சொல்லலாம். பாட்டியின் பெயரை வெட்ட என்ன காரணம்? நாகரத்தினம்மாள் முழுப் பாடத்தையும் 1910இல் வாவிள்ள பதிப்பகம் வழியாக வெளியிட்டார். முத்துப்பழனியை வெட்கமற்றவள் என்று எழுதிய பெரிய மனிதர்களுக்கு, வெட்கம் பெண்களுக்கு மட்டும்தானா என்ற தொனியில் முன்னுரையில் பதில் சொன்னார். அடுத்த ஆண்டே ஆபாசம் என்று அரசு புத்தகத்தின் மேல் பாய்ந்தது. தடை நீங்க 1947 ஆயிற்று, பிரகாசம் சென்னை மாகாண முதலமைச்சராக இருந்தபோது.

நாகரத்தினம்மாளைத் திருவையாற்றில் தியாகராஜர் சமாதி கட்டியவராக, ஆராதனையில் பெண்கள் பாட வழி செய்தவராக எல்லோருக்கும் தெரியும். எனக்கு அவர் முதலில் இரண்டு பிரதிகளை அருகருகே வைத்து, விரலால் வரி வரியாகத் தொட்டுக்கொண்டே போன பெண். சேகரிப்பு என்றால் அலமாரி நிறைய அடுக்குவது என்று நினைப்பவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். அவரிடம் இருந்தது ஒரே நூலின் இரண்டு பிரதிகள்.

அறை இசை என்ற சொல் நம் ஊரில் யாருக்காவது முழுதாகப் பொருந்தும் என்றால் அது வீணை தனம்மாளுக்கு (1867–1938). வெள்ளிக்கிழமை மாலைகளில் சென்னை ஜார்ஜ் டவுனில் தன் வீட்டில் வாசித்தார். வித்வான்கள் வந்து சத்தமில்லாமல் உட்கார்ந்து கேட்டுப் போனார்கள். பதங்களும் ஜாவளிகளும் அந்தக் கூடத்தில் கைமாறின. 1904இல் எட்டயபுரத்தில் சுப்பராம தீட்சிதரின் 'சங்கீத சம்ப்ரதாய ப்ரதர்சினி' கமகக் குறிகளோடு இரண்டு பெரும் தொகுதிகளாக அச்சானபோது ஜமீனின் ஆதரவு அதற்கு இருந்தது. தனம்மாள் கூடத்துப் பாட்டுகளுக்கு அப்படி ஒரு ஜமீன் இல்லை. அவருடைய பேத்தி டி. பிருந்தா சுரப்படுத்திய ஜாவளிகளை 1960இல்தான் மியூசிக் அகாடமி புத்தகமாகப் போட்டது. அந்தப் புத்தகம் என் தேடல் பட்டியலில் பிளெயலின் மற்ற மூன்று பாகங்களுக்கும் மேலே இருக்கிறது. பிருந்தா பாட்டி வீட்டில் கேட்டதைத் தன் பெயரில் அச்சேற்றியிருக்கிறார். அது எவ்வளவு பெரிய நகர்வு என்று சிர்மென்னின் முகப்புப் பக்கத்தைப் பார்த்தவர்களுக்குத் தெரியும்.

நான் இருப்பது கனகசெட்டிக்குளத்தில். சென்னையிலிருந்து கிழக்குக் கடற்கரைச் சாலையில் வந்தால் புதுச்சேரி எல்லைக்குள் நுழைந்ததும் வரும் ஊர். கடல் கிழக்கே, கூப்பிடு தூரம். இங்கே பழைய தாள் வைத்துக்கொள்வது லேசான காரியமில்லை. உப்புக் காற்றில் பீரோ துருப்பிடிக்கும், தாள் எப்போதும் கொஞ்சம் ஈரமாகவே இருக்கும். பருத்தித் துணியில் சுற்றி வசம்பு போட்டு வைக்கிறேன். மழை விட்ட மறுநாள் நிழலில் விரித்து ஆற்றுகிறேன். "அந்தக் காசுக்கு ஒரு குக்கர் வாங்கியிருக்கலாம்" என்ற குரல் வீட்டில் கேட்காத மாதம் இல்லை. கிரிக்கெட் பார்க்கப் பெரிய டிவி வந்தபோது குக்கரை யாரும் நினைக்கவில்லை.

ஆனால் பிளெயல் தாங்குவார். பதினெட்டாம் நூற்றாண்டுத் தாள் கந்தல் துணியை ஊறவைத்து அடித்துச் செய்தது, கையில் எடுத்தால் துணிபோலவே வளையும். அலமாரியில் அதற்குப் பக்கத்தில் இருக்கும் இன்னொரு புத்தகம்தான் என்னைப் பயமுறுத்துகிறது. அதற்கு அறுபது வயதுகூட இருக்காது. அட்டை போன ஒப்பாரிப் பாட்டுப் புத்தகம். மரக்கூழில் செய்த மலிவுத் தாள், பழுப்பேறி, திருப்பினால் ஓரம் அப்பளம்போல ஒடிகிறது. சென்னைக் கொண்டித்தோப்பு பி. இரத்தின நாயகர் அண்ட் சன்ஸ் போன்றவர்கள் பெரிய எழுத்தில் நல்லதங்காள் கதையும் விக்கிரமாதித்தன் கதையும் போட்டார்களே, அந்த வகை. திருவிழாக் கடையில், ரயிலடியில் சில்லறைக்கு விற்றது. பெண்கள் மட்டுமே பாடும் பாட்டு, உள்ளே ஒரு பெண் பெயரும் இல்லை.

இது என் பெரியம்மாவுடையது. 2004 டிசம்பர் 26 அன்று கடல் வீட்டுக்குள் வந்தபோது ரேஷன் கார்டு, கல்யாண போட்டோ எல்லாம் போயின. இந்தப் புத்தகம் அப்போது காலாப்பட்டில் ஒரு வீட்டில் இரவலில் இருந்தது, அதனால் தப்பியது. பெரியம்மாவுக்கு எழுத்துக் கூட்டிப் படிக்கத்தான் தெரியும். சாவு வீட்டில் அவர் உட்கார்ந்தால் சுற்றியிருப்பவர்கள் தோளில் கை போட்டு வட்டமாகச் சேர்வார்கள். அவர் ஒரு அடியை எடுப்பார், அடுத்தவர் முடிப்பார், மூன்றாமவர் விம்மலில் இழுத்துக்கொண்டே இருப்பார். அந்த மூன்றாமவரைக் கேட்கும்போதெல்லாம் எனக்கு என் பாகம் நினைவுக்கு வரும்.

பிளெயலை ஒருநாள் அவரிடம் காட்டினேன். "இன்னாடி இது, கொசு செத்து ஒட்டிக்கிற மாதிரி" என்றார். வாசித்துக் காட்டினேன். கொஞ்ச நேரம் கேட்டுவிட்டு, "இது ஒருத்தர் பாட்டு இல்லியே, மீதி ஆளுங்க எங்க?" என்றார்.

அன்றைக்குத்தான் அவர் புத்தகத்தை எடுத்து வரி வரியாக அவரிடம் படிக்கத் தொடங்கினேன். இரண்டு வரி தாண்டவில்லை, "அப்படிப் பாட மாட்டோம்" என்றார். அச்சில் இருப்பது வயல்காட்டு ஒப்பாரி. நெல்லும் மாடும் வண்டியும் கிணறும் வருகின்றன. அவர் பாடும்போது அந்த இடங்களில் கட்டுமரம் வருகிறது, வலை வருகிறது, வாடைக் காற்று வருகிறது. ஓரிடத்தில் அச்சில் புருஷன் இறந்ததால் பூவும் பொட்டும் போயிற்று என்று நான்கு அடி. அந்த நான்கையும் அவர் பாடுவதில்லை. அதற்குப் பதிலாகக் கடன்காரனையும் கொழுந்தனையும் பேர் சொல்லாமல் திட்டும் ஆறு அடி இருக்கிறது. அது எந்தப் பதிப்பிலும் இருக்க முடியாது.

பக்கங்களை ஒவ்வொன்றாகப் படம் எடுத்துப் பெரிய தாளில் அச்செடுத்திருக்கிறேன். அசல் துணிக்குள் போய்விட்டது. நகலின் ஓரத்தில் பென்சிலால் அவர் பாடும் பாடத்தை எழுதுகிறேன். அச்சில் இல்லாததற்கு ஒரு குறி, அச்சில் இருந்தும் பாடாததற்கு வேறு குறி, ஒவ்வொரு பக்கத்தின் அடியிலும் தேதி. முப்பத்திரண்டு பக்கத்தில் பதினொன்று முடிந்திருக்கிறது. அவருக்கு மூட்டு வலி, அரை மணிக்கு மேல் உட்கார முடியாது. கெட்ட சேதி வந்த நாளில் புத்தகத்தைத் தொட விட மாட்டார்.

போன வாரம் அந்த ஆறு அடியை எழுதி முடித்து, பக்கத்தில் பாடியவர் என்று அவர் பெயரை எழுதினேன். என்ன எழுதுகிறாய் என்று கேட்டார். சொன்னேன்.

"அத அடி. அது நான் கட்டுனது இல்ல. மரக்காணத்துல குடுத்த எங்க நாத்தனா கட்டுனது. அவ பேர எழுது."

நாத்தனாரின் முழுப் பெயரைக் கேட்டு எழுதினேன். எழுத்துக் கூட்டிச் சரிபார்த்துவிட்டு, அடுத்த பக்கத்தைத் திருப்பச் சொன்னார்.